அமிலத்தின் வினாவும் கருமணலின் விடையும்

தேசிக்காயை அரியும்போது அதன் சாற்றில் ஒரு துளி முட்டைக்கோதின்மேல் விழுமாயின், அவ்விடத்தில் நுண்ணிய குமிழிகள் எழுகின்றன. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் பெண், அதன்மேற் படிந்த பச்சைக் களிம்பு கரைந்துபோவதைக் காண்கிறாள். பொற்கொல்லர் தம்மிடம் வந்த நகையை உரைகல்லில் உரைத்து, அக்கோட்டின்மேல் வெடியுப்புத் திராவகம் ஒரு துளி இட்டுப் பார்க்கிறார். பித்தளையின் கோடு பொங்கி மறைகிறது. பொன்னின் கோடு அழியாது நிற்கிறது. இவர்களுள் எவரும் இரசாயன நூலைக் கற்றவரல்லர். எனினும் இவர்கள் கண்முன் நிகழ்வது இரசாயனமே. பொருளின்மேல் அமிலத்தை இட்டு, அப்போது நிகழும் மாற்றத்தைக் கொண்டு அப்பொருள் இன்னதென்று அறியும் முறை, ஆய்வுகூடத்துக்கு வெகுகாலம் முன்னரே அடுக்களையிலும் பட்டறையிலும் வழங்கி வந்திருக்கிறது.

அமிலம் இடுவது ஒரு வினாவை எழுப்புவது போலாகும். பொருள் அதற்கு விடை தருகிறது. சில பொருள்கள் பொங்கி விடை தரும்; சில நிறம் மாறி விடை தரும்; சில மணத்தால் விடை தரும். யாதொரு மாற்றமும் இன்றி வாளா இருப்பனவும் உண்டு. அவ்வாறு இருப்பதும் ஒரு விடையே. ஆயினும் கேட்ட முதல் விடையைக் கொண்டே பொருளுக்குப் பெயர் சூட்டிவிடலாமா என்பதுதான் இத்துறையின் உயிரான கேள்வி. திருகோணமலைக் கடற்கரையில் காலடியிற் கிடக்கும் சில பொருள்களைக் கொண்டே இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

நிலாவெளிக் கரையில் நடப்பவர் கண்ணில் இரண்டு வகை வெண்பொருள்கள் படும். ஒன்று அலையால் ஒதுக்கப்பட்ட முருகைக்கல்லின் துணுக்கு. மற்றையது தேய்ந்து வழவழப்பான வெண்கூழாங்கல். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஐதான ஐதரோகுளோரிக் கமிலம் ஒரு துளி இட்டால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். முருகைக்கல் சீறிப் பொங்கும். படிகக் கல்லாகிய கூழாங்கல் அசையாதிருக்கும். சிப்பி, சங்கு, முட்டைக்கோது ஆகியவையும் முருகைக்கல்லைப் போலவே பொங்கும். இவை யாவும் கல்சியங் காபனேற்று என்னும் ஒரே சேர்வையால் ஆனவை. அமிலம் பட்டதும் அச்சேர்வையிலிருந்து காபனீரொட்சைட்டு என்னும் வாயு விடுபடுகிறது. குமிழியாகத் தோன்றுவது அதுவே. முற்காலத்தில் கரையோரத்துச் சூளைகளில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். கடலரிப்பைத் தடுக்கும் பொருட்டு முருகைக்கல் அகழ்வதை இன்று சட்டம் தடுத்திருக்கிறது. ஆகவே சோதனை செய்ய விரும்பும் மாணவருக்கு முட்டைக்கோதே போதும்.

குமிழி எழுந்தது, சரி. எழுந்த வாயு காபனீரொட்சைட்டுத்தான் என்பதற்குச் சான்று என்ன? இங்கேதான் இரண்டாவது வினா வருகிறது. வெற்றிலைத் தட்டத்திலுள்ள சுண்ணாம்பைச் சிறிது எடுத்து ஒரு போத்தல் நீரிற் கலக்கி, ஓரிரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொண்டால் அதுவே சுண்ணாம்பு நீர். சிறிய போத்தலொன்றில் முட்டைக்கோதை இட்டு வினாகிரி ஊற்றி, எழும் வாயுவைப் பப்பாசி இலைக்காம்பாகிய குழலின் வழியே அந்நீருக்குட் செலுத்தினால், தெளிந்த நீர் பால்போல் வெளுக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் இச்சோதனையைச் செய்து காட்ட முடியும். முதல் வினாவுக்குக் கல் விடை சொன்னது. இரண்டாவது வினாவுக்கு அக்கல்லிலிருந்து எழுந்த வாயு விடை சொன்னது. இரண்டும் ஒத்துவந்த பின்னரே காபனேற்று என்ற பெயர் உறுதியாகிறது.

அடுத்து, ஒரே நிறத்தையுடைய மூன்று பொருள்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று நிலாவெளி உப்பளத்து உப்பு, இரண்டாவது சலவைச் சோடா, மூன்றாவது வெடியுப்பு. மூன்றும் வெண்ணிறப் படிகங்கள். பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன மூன்று போத்தல்களில் இவை இருப்பின், நாவில் வைத்துப் பார்ப்போமென்று எண்ணுதல் பெருந்தவறு. சுவீடன் நாட்டில் வாழ்ந்த கார்ல் சீலே என்னும் இரசாயன அறிஞர், தாம் ஆராய்ந்த பொருள்களைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமுடையவர். ஒட்சிசன், குளோரீன் ஆகிய வாயுக்களைப் பிரித்தறிந்த அப்பேரறிஞர் 1786ஆம் ஆண்டில் 43ஆம் வயதிலேயே மறைந்தார். நஞ்சுடைய பொருள்களோடு அவர் பழகிய முறையும் அதற்குக் காரணமாயிருக்கலாமெனப் பலர் கருதினர். நாவுக்குப் பதிலாக அமிலமே வினவட்டும்.

ஐதான அமிலத்தை இட்டவுடன் சலவைச் சோடா பொங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உப்பும் வெடியுப்பும் அசையா. இனிச் செறிந்த சல்பூரிக் கமிலத்தை நாட வேண்டும். அது வீட்டில் தொடத்தக்கதன்று. ஆசிரியர் அருகில் நிற்க ஆய்வுகூடத்தில் கையாளத்தக்கது. அதனை உப்பில் இட்டால் மூக்கைத் துளைக்கும் புகை கிளம்பும். அப்புகையின் அருகே அமோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கோலைப் பிடித்தால் அடர்ந்த வெண்புகை சூழும். எனவே அது குளோரைட்டு. வெடியுப்பில் அவ்வமிலத்தோடு செப்புச் சீவல்களையும் இட்டுச் சூடாக்கினால் கபில நிறப் புகை எழும். எனவே அது நைத்திரேற்று. மெல்லிய அமிலத்துக்கு வாய் திறவாத பொருள், வலிய அமிலத்துக்கு வாய் திறக்கிறது. ஆகவே ஒரு பொருள் விடை சொல்லவில்லை என்று முடிவு செய்யுமுன், வினா அதற்கேற்ற வினாதானா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

விடை கிடைத்த இடத்திலும் ஏமாற்றம் நேர்வதுண்டு. சல்பைற்று என்னும் வகைச் சேர்வையில் அமிலத்தை இட்டால் கந்தகவீரொட்சைட்டு வாயு எழுகிறது. இதுவும் குமிழியாக வரும். இதுவும் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். இவ்விரு அடையாளங்களை மட்டும் நம்பிய மாணவன் அதனைக் காபனேற்று என எழுதிவிடுவான். எரியும் கந்தகத்தின் காரமான மணத்தை அறிந்தவனோ ஐயுறுவான். பொற்றாசியம் இருகுரோமேற்றில் நனைத்த தாளை வாயுவிற் காட்டுவான். செம்மஞ்சள் நிறத்தாள் பச்சையாக மாறினால் அது கந்தகவீரொட்சைட்டு, மாறாவிடின் காபனீரொட்சைட்டு. தேர்வுத்தாளில் ஒரு புள்ளி கிடைப்பதும் இழப்பதும் மட்டுமே இதன் பயனன்று. ஐயுற வேண்டிய இடத்தில் ஐயுறும் பழக்கமே இதன் பயன்.

கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் கிடைக்கும் தொலமைற்று என்னும் கல் இன்னொரு வகையில் ஏமாற்றும். அதுவும் காபனேற்றே, கல்சியத்தோடு மகனீசியமும் அதில் உண்டு. குளிர்ந்த ஐதான அமிலத்தை அக்கல்லின்மேல் இட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போல உடனே பொங்காது. பொறுமையற்றவர் இது காபனேற்று அன்று என எறிந்துவிடுவார். பொறுமையுடையவர் கல்லைப் பொடியாக்குவார். அல்லது அமிலத்தைச் சிறிது சூடாக்குவார். அப்போது அது நன்றாகப் பொங்கும். பொற்கொல்லரின் பட்டறையிலும் இத்தகைய பொறி உண்டு. பித்தளையின்மேற் பொன்முலாம் பூசிய நகையை மேலோடு உரைத்தால் கல்லில் விழுவது பொற்கோடே. திராவகம் அதனை அழிப்பதில்லை. ஆகவே அனுபவமுள்ள பொற்கொல்லர், அரத்தால் ஓரிடத்தை ஆழமாக அராவி உள்ளே இருப்பதை உரைத்துப் பார்க்கிறார். திராவகம் பொய் சொல்வதில்லை. அது தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சேருவில என்னும் ஊர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த நிலத்தில் செம்பும் காந்தவிரும்புக் கனியமும் சேர்ந்திருப்பதை 1971ஆம் ஆண்டில் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார் கண்டறிந்தனர். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த அக்கனியம் பொன்போல மின்னும். உரைகல்லும் நைத்திரிக் கமிலமும் அதன் பொய்த்தோற்றத்தைக் கலைத்துவிடும். பொன் அவ்வமிலத்திற் கரைவதில்லை. இக்கனியமோ கரைந்து பசுநீல நிறக் கரைசலைத் தருகிறது. அதில் அமோனியாவை மிகுதியாகச் சேர்க்கையில் இரும்பு செங்கபில வீழ்படிவாகப் பிரிந்து அடியில் நிற்க, மேலே நிற்கும் நீர் மயிற்கழுத்துப் போன்ற ஆழ்ந்த நீலமாகிறது. அந்நீலமே செம்பின் கையெழுத்து.

இப்பொழுது மாவட்டத்தின் வட எல்லையை நோக்கிச் செல்லலாம். திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் புல்மோட்டை இருக்கிறது. அதற்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. இக்கரையின் மணல் வெண்மணலன்று, கருமணல். கையில் அள்ளினால் வழக்கமான மணலினும் கனமாயிருக்கும். வாடைக்காற்றுக் காலத்து அலைகள் கரையை மோதிப் பின்வாங்குகையில் இலேசான வெண்மணலை இழுத்துச் செல்கின்றன. கனமான கருமணிகள் கரையிலே தங்கிவிடுகின்றன. முறத்தாற் புடைப்பவள் பதரை நீக்கி மணியை நிறுத்துவது போலக் கடல் செய்யும் வேலை இது. 1957ஆம் ஆண்டில் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, இம்மணலைப் பிரித்து ஏற்றுமதி செய்யும் தொழில் தொடங்கிற்று. பின்வந்த போர்க்காலத்தில் அத்தொழில் பலமுறை தடைப்பட்டது. 1992ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனம் அரசுக்குரிய கம்பனியாக மாற்றப்பட்டது.

அம்மணலில் இருப்பவை யாவை? அதிலுள்ள கனிய மணிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு இல்மனைட்டு என்னும் கரிய கனியம். உரூத்தைல் என்னும் செங்கபிலக் கனியமும், சேர்க்கன் என்னும் நிறமற்ற கனியமும் தனித்தனியே 8 முதல் 10 பங்கு வரை உண்டு. மொனசைட்டு என்னும் மஞ்சட் கனியம் ஒரு பங்கிலும் குறைவு. இம்மணலின்மேல் முன்போல ஐதான அமிலத்தை இட்டுப் பார்த்தால் யாதும் நிகழாது. சிப்பித்துணுக்கு ஏதேனும் கலந்திருந்தால் அது மட்டும் பொங்கி ஓயும். கருமணிகள் வாய்மூடிக் கிடக்கும். அவற்றை வாய் திறக்கச் செய்த வரலாறு சுவை மிகுந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் இருந்தார். இறைபணிக்கிடையே கற்களை ஆராய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. மனாக்கன் என்னும் ஊர் ஓடையிற் கிடந்த கருமணல் காந்தத்தால் இழுக்கப்படுவதைக் கண்டு, அதில் இரும்பு உண்டென அறிந்தார். அத்துடன் நின்றிருந்தால் அதனை இரும்பு மணல் எனக் கூறி மறந்திருப்பார். அவர் நிற்கவில்லை. ஐதரோகுளோரிக் கமிலத்தால் இரும்பை நீக்கினார். எஞ்சிய பொருளைச் சல்பூரிக் கமிலத்திற் கரைத்தபோது மஞ்சள் நிறக் கரைசல் கிடைத்தது. அதில் நாகம், வெள்ளீயம், இரும்பு ஆகியவற்றுள் ஒன்றை இட்டால் கரைசல் ஊதா நிறமாயிற்று. அந்நாள்வரை அறியப்பட்ட எந்த உலோகமும் இப்படி விடை சொன்னதில்லை. எனவே இது புதிய உலோகமொன்றின் சேர்வை என 1791ஆம் ஆண்டில் அறிவித்தார்.

பேர்லின் நகரத்து அறிஞரான மார்ட்டின் கிளாப்ரோத், உரூத்தைலை ஆராய்ந்து அதிலும் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அதற்குத் தைத்தேனியம் எனப் பெயரிட்டார். ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய அதே 1795ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது. கிரெகரின் கருமணலில் இருந்ததும் இதே உலோகமே என்பதை இரண்டாண்டுக்குப் பின் அவரே உறுதி செய்தார். புல்மோட்டைக் கரையில் இல்மனைட்டும் உரூத்தைலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்று கரியது, மற்றது சிவந்தது. ஆயினும் உள்ளே இருக்கும் உலோகம் ஒன்றே.

சேர்க்கனின் கதை இலங்கைக்கு இன்னும் நெருங்கியது. நிறமற்ற சேர்க்கன் கற்கள் முன்னாளில் மாத்தறை வைரம் என்ற பெயருடன் விற்கப்பட்டன. ஒளியில் வைரத்துக்குத் தம்பி போலத் தோன்றியதால் அப்பெயர் பெற்றது. கண்ணால் மட்டும் பார்த்துச் சூட்டிய பெயர் அது. கிளாப்ரோத் இலங்கையிலிருந்து சென்ற இக்கல்லை எடுத்து ஆராய்ந்தார். அமிலங்கள் அதன்மேற் பலிக்கவில்லை. அவர் கல்லை மாவாக அரைத்துக் காரத்துடன் வெள்ளிப் பாத்திரத்தில் உருக்கினார். உருகிய பின் அமிலத்துக்கு அது இணங்கிற்று. மணற்சத்தாகிய சிலிக்காவை நீக்கியபின் எஞ்சியது அதுவரை எவரும் அறியாத ஒரு மண். இவ்வாறு 1789ஆம் ஆண்டில் சேர்க்கோனியம் என்னும் தனிமம் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதற்குச் சான்று பகர்ந்தது இலங்கைக் கல். அமிலம் கேட்டுப் பயனில்லாதபோது, முதலில் நெருப்பும் காரமும் கேட்டு, அதன்பின் அமிலத்தை மறுபடி கேட்கவிட்டதே கிளாப்ரோத் கண்ட வழி.

புல்மோட்டை மணலை இந்த அறிவோடு அணுகினால் ஒவ்வொரு மணியும் தன் பெயரைச் சொல்லும். செறிந்த சல்பூரிக் கமிலத்துடன் நன்கு சூடாக்கும்போது இல்மனைட்டு சிதைகிறது. உரூத்தைலும் சேர்க்கனும் சிதைவதில்லை. சிதைந்ததை நீரிற் கரைத்து, ஐதரசன் பரவொட்சைட்டுச் சில துளி சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும். அது தைத்தேனியத்தின் அடையாளம். மொனசைட்டும் சூடான சல்பூரிக் கமிலத்தில் சிதையும். அதில் உள்ள பொசுபேற்றை, நைத்திரிக் கமிலமும் அமோனியம் மொலித்தேற்றும் சேர்த்து மஞ்சள் வீழ்படிவாகக் காணலாம். தொழிற்சாலையில் இம்மணிகளைப் பிரிப்பது அமிலத்தாலன்று; காந்தம், மின், எடை ஆகியவற்றின் வேறுபாட்டாலேயே. ஆயினும் பிரித்தது சரிதானா என்று தீர்ப்புக் கூறுவது ஆய்வுகூடமே.

இல்மனைட்டைச் சல்பூரிக் கமிலத்தால் சிதைத்து, கிடைத்த கரைசலைக் கொதிக்கவைத்துத் தூய வெண்ணிற ஒட்சைட்டைப் பெறும் தொழில், முதலாம் உலகப்போர்க் காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் உருப்பெற்றது. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சு, காகிதம், பிளாத்திக்கு ஆகியவற்றின் வெண்மைக்கு இவ்வொட்சைட்டே ஆதாரம். கரிய மணலுக்குள் உலகின் மிகச் சிறந்த வெண்மை ஒளிந்திருக்கிறது என்பதை அமிலம் அன்றி வேறெது சொல்லியிருக்க முடியும்?

மொனசைட்டில் தோரியம் என்னும் கதிர்வீசும் உலோகம் உண்டு. தமிழகத்துக் கன்னியாகுமரிப் பகுதியில் மணவாளக்குறிச்சிக் கரையிலும் இதே கனியம் கிடக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, சோம்பேர்க் என்னும் செருமானிய இரசாயனர் 1909ஆம் ஆண்டில் அதனைக் கண்டுகொண்டார். கயிற்றை வாங்கியவர்கள் தட்டி உதறிய மணலில், அந்நாளில் வாயு விளக்குகளின் ஒளிவலைக்கு வேண்டப்பட்ட அரும்பொருள் இருந்தது.

தோரியத்தின் வரலாற்றில் இலங்கைக்கு இன்னுமோர் இடம் உண்டு. கலைவரலாற்று நூல்களால் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி முதலிற் புவிச்சரிதவியலாளர் என்பதை நேயர்களுள் சிலரே அறிவர். 1903ஆம் ஆண்டில் அவர் இலங்கைக் கனியவியல் அளவையின் பணிப்பாளரானார். சப்பிரகமுவாவின் ஆற்றுச் சரளையில் மாணிக்கக் கற்களைத் தேடுகையில் கனசதுர வடிவான கரிய மணிகள் கிடைத்தன. யுரேனியக் கனியமே இது என முதலில் எண்ணப்பட்டது. இலண்டனில் டன்ஸ்தன் என்னும் அறிஞர் பகுத்தாராய்ந்தபோது, அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனத் தெரிந்தது. 1904ஆம் ஆண்டில் தோரியனைற்று என்னும் புதுப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதனை நைத்திரிக் கமிலத்திற் கரைக்கும்போது ஒரு வாயு குமிழியாக வெளிவந்தது. முட்டைக்கோதில் எழும் குமிழி போலவே கண்ணுக்குத் தோன்றினும், அது ஈலியம்.

ஈலியம் முதன்முதலில் உலகிற் பிடிபட்டதும் அமிலச் சோதனையிலேதான். 1868ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லொக்கியர் சூரிய ஒளியின் நிறமாலையை ஆராய்ந்து, அதிற் கண்ட மஞ்சட் கோடொன்று பூமியில் அறியப்பட்ட தனிமம் எதற்கும் உரியதன்று எனக் கருதினார். சூரியனில் மட்டும் உள்ளதென எண்ணப்பட்ட அத்தனிமத்துக்கு ஈலியம் எனப் பெயர் வந்தது.

1890ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஹில்பிராண்டு என்னும் தேர்ந்த பகுப்பாய்வாளர், யுரேனியக் கனியத்தைச் சல்பூரிக் கமிலத்துடன் கொதிக்கவைத்தபோது ஒரு வாயு எழுவதைக் கண்டார். அது எளிதில் எதனுடனும் சேரவில்லை. அதில் நைதரசன் இருப்பதைச் சோதித்தும் கண்டார். ஆகவே அது நைதரசன் என்று எழுதினார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். அவர் கண்ட நைதரசன் உண்மையாகவே அதில் இருந்தது. நிறமாலையில் நைதரசனுக்கு உரியவல்லாத சில கோடுகளும் தெரிந்தன. அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. ஐந்தாண்டுக்குப் பின், 1895ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இலண்டனில் உவில்லியம் இராம்சே அதே வகைக் கனியத்தை அதே அமிலத்திலிட்டார். எழுந்த வாயுவிலிருந்து நைதரசனை நீக்கிவிட்டு, எஞ்சியதன் நிறமாலையை நோக்கினார். சூரியனிற் கண்ட அதே மஞ்சட் கோடு அங்கே ஒளிர்ந்தது. தாம் அக்கோடுகளைக் கண்டும் விட்டுவிட்டதை ஹில்பிராண்டு இராம்சேக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காது கூறினார். அறிவுலகில் அத்தகைய நேர்மையும் ஒரு கண்டுபிடிப்பே.

இராம்சே பின்னர் இலங்கைத் தோரியனைற்றையும் ஆராய்ந்தார். அவரிடம் பயிலவந்த இளைஞர் ஒட்டோ ஹான், 1905ஆம் ஆண்டில் அக்கனியத்திலிருந்து பிரித்த பொருளில் கதிர்த்தோரியம் என்னும் புதிய கதிர்வீசும் பொருளைக் கண்டார். அணுவைப் பிளக்கலாமெனப் பிற்காலத்தில் நிறுவிய அறிஞர் இவரே. அவருடைய பெரும்பயணத்தின் முதலடி, சப்பிரகமுவா ஆற்றுச் சரளையிற் கிடைத்த ஒரு கருமணியைக் கரைத்ததில் தொடங்கிற்று.

இவ்வரலாறுகள் யாவும் திருகோணமலை மாவட்டத்து மாணவனுக்கு எதற்கு? அவன் பிறந்த மண்ணின் செல்வம் கப்பலேறிச் செல்கிறது. மணலாகச் சென்றால் மணலின் விலை. பிரித்துப் பெயர் சூட்டிச் சென்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் விலை. உரூத்தைலும் சேர்க்கனும் இல்மனைட்டுடன் கலந்து சென்றால் விற்பவருக்கே இழப்பு. இல்மனைட்டிலிருந்து வெள்ளை ஒட்சைட்டை உள்ளூரிலேயே ஆக்க வேண்டுமென்று ஒரு நாள் முடிவு செய்தாலும், அதனோடு மிஞ்சும் அமிலக் கழிவை எங்கே விடுவது என்ற கேள்வி உடனெழும். மீன்பிடித்து வாழும் கரையோர மக்களுக்கு அக்கேள்வி சிறிதன்று. இவ்விரு கணக்கையும் சரியாகப் போடக்கூடியவர், சோதனைக் குழாயின் முன் நின்று, முதல் குமிழியைக் கண்டதும் விடை எழுதிவிடாமல் அடுத்த வினாவைக் கேட்கப் பழகியவரே.

அப்பழக்கத்தைத் தொடங்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு முட்டைக்கோது, சிறிது வினாகிரி, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளியவைத்த நீர், ஒரு பப்பாசிக் காம்பு ஆகியவை போதும். வலிய அமிலங்களை ஆசிரியர் கையிலேயே விட்டுவிட வேண்டும். அமிலத்தை ஐதாக்கும்போது அதனைச் சிறிது சிறிதாக நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. எழும் வாயுவைக் குழாயின் வாயில் மூக்கை வைத்து முகராமல், கையால் விசிறி அறிய வேண்டும். இவற்றைப் பேணிச் செய்யும் பிள்ளை, சுண்ணாம்பு நீர் வெளுப்பதைக் கண்ட மகிழ்ச்சியில் காபனேற்று என்று எழுதப் பேனாவை எடுப்பான். அவ்வேளையில் ஆசிரியர் அருகே வந்து, வேறெந்த வாயுவும் இப்படிச் செய்யாதா என்று மெல்லக் கேட்கட்டும். பிள்ளை பேனாவை வைத்துவிட்டு மறுபடி குழாயை எடுத்தானாயின், அன்றைய பாடம் நிறைவேறிற்று.